கூகுளை விட்டுப் போய் 3 மாதத்தில் திரும்பி வந்தேன்: மற்ற தேடுபொறிகள் ஏன் எழுந்து நிற்கவே முடியவில்லை?

#1 வாய்க்கால்கரை
சனி, இரவு 9:12

ஃபோனிலும் லேப்டாப்பிலும் கூகுளைத் தூக்கிவிட்டு வேறொரு தேடுபொறியை வைத்து மூன்று மாதம் ஓட்டினேன். எது என்று கேட்காதீர்கள், அவர்கள் மேல் கோபம் எதுவும் இல்லை. நேற்று பழையபடி கூகுளுக்கே வந்துவிட்டேன்.

முதல் பத்து நாள் வித்தியாசமே தெரியவில்லை. வங்கி, ரயில் நேரம், ஸ்கோர், டாலர் விலை எல்லாம் வந்தது. "இதற்காகவா இத்தனை வருஷம் ஒரே இடத்தைக் கட்டிக்கொண்டு அழுதோம்" என்று வீட்டில் பீற்றிக்கொண்டேன். அப்புறம் கிணற்று மோட்டார் படுத்துவிட்டது. பழைய மாடல். ஸ்டார்ட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு விட்டு விட்டு எரிகிறது, மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை. மாடல் நம்பரோடு "உறுமுது சுத்தல" என்று சேர்த்துத் தட்டினேன். வந்ததெல்லாம் மோட்டார் விற்கும் கடைகள். அதுவும் குஜராத்தில். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் அதே வார்த்தைகளைக் கூகுளில் போட்டாள். இரண்டாவது முடிவிலேயே யாரோ ஒருவர் அதே பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு பேசுகிற வீடியோ. கெபாசிட்டர் போயிருந்தது. 120 ரூபாயில் வேலை முடிந்தது.

மைக்ரோசாஃப்டிடம் இல்லாத பணமா, ஆளா? அவர்களுடைய பிங் தேடுபொறி வந்தது 2009 ஜூனில். இத்தனை வருஷத்தில் கிணற்று மோட்டாரைக்கூடக் கண்டுபிடிக்க முடியாதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நேர்வகிடு
சனி, இரவு 9:31

இதில் விவாதிக்க என்ன இருக்கிறது சார். நல்ல கடைக்குக் கூட்டம் போகிறது. 2021-ல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் கூகுள் தரப்பு வக்கீல் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? பிங்கில் மக்கள் மிக அதிகமாகத் தேடும் சொல்லே "கூகுள்"தானாம். எதிரி கடை வாசலில் நின்று வழி கேட்டுக்கொண்டு போகிறார்கள்.

#3 மூங்கில்துறை
சனி, இரவு 9:35

மோட்டார் ஒரு எச்.பி-யா ஒன்றரையா? ஒன்றரை என்றால் அந்த 120 ரூபாய் கெபாசிட்டர் ஆறு மாதம்கூடத் தாங்காது, சொல்லிவைக்கிறேன்.

#4 எறும்புவரிசை
சனி, இரவு 10:05

வாய்க்கால்கரை சார், உங்கள் கேள்விக்குப் பதில் உங்கள் மோட்டாரிலேயே இருக்கிறது. எனக்குத் தேடல் தொழில்நுட்பத்தில்தான் சோறு (எந்த கம்பெனி என்று சொல்ல மாட்டேன்), அதனால் கொஞ்சம் நீளும்.

ரயில் நேரம், ஸ்கோர் போன்றவற்றை லட்சம் பேர் தேடுகிறார்கள். அதில் யாரும் தோற்க மாட்டார்கள். தேடுபொறியின் தரம் தெரிவது வருஷத்துக்கு நாலு பேர் தேடும் தேடலில். அந்த நாலு பேரில் மூன்று பேர் முதல் முடிவைத் தாண்டிப் போய் இரண்டாவதைத் திறந்து, அங்கேயே ஆறு நிமிஷம் உட்கார்ந்தால், "ஓ, இவர்களுக்கு வேண்டியது இதுதான்" என்று பொறி குறித்துக்கொள்கிறது. ஐந்தாவதாக வந்தவர் உங்கள் மகள். அவர் கண்ணில் பட்ட வீடியோவை மேலே தூக்கிவிட்டது யாரோ முகம் தெரியாத நாலு விவசாயிகளின் விரல்தான். உங்கள் தேடுபொறிக்கு அந்த நாலு பேரும் வரவே இல்லை.

நான் கற்பனையில் சொல்லவில்லை. அமெரிக்க அரசு 2020 அக்டோபரில் கூகுள் மேல் ஏகபோக வழக்குப் போட்டது. நீதிபதி அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5-ல் தீர்ப்புக் கொடுத்தார். அதில் ஒரு ஆய்வு வருகிறது. கூகுளிலோ பிங்கிலோ தட்டப்பட்ட 37 லட்சம் வெவ்வேறு தேடல் தொடர்களை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 93 சதவீதம் கூகுளின் கண்ணில் மட்டுமே பட்டவை. பிங் மட்டுமே பார்த்தவை 4.8 சதவீதம். இன்னொரு கணக்கு இதைவிட மோசம்: கூகுளுக்கு 13 மாதத்தில் சேரும் பயனர் தரவு பிங்குக்குச் சேர 17 வருஷத்துக்கு மேல் ஆகும்.

தமிழில் தேடினால் இன்னும் கஷ்டம். "சுத்தல", "சுற்றவில்லை", "சுத்தமாட்டேங்குது" மூன்றும் ஒன்றுதான் என்று யாரும் அகராதி போட்டுக் கொடுக்கவில்லை. ஆட்கள் தட்டித் தட்டித்தான் பொறி கற்றுக்கொள்கிறது.

#5 நேர்வகிடு
சனி, இரவு 10:20

அப்படியென்றால் 1998-ல் கூகுளிடம் எத்தனை விவசாயிகளின் விரல் இருந்தது? அல்டாவிஸ்டா என்ற தேடுபொறி 1995-லேயே இருக்கிறது, யாஹூ இருக்கிறது. பூஜ்யத்தில் தொடங்கி எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டான். இன்றைக்கு வருகிறவனுக்கு மட்டும் என்ன கேடு? 2008-ல் க்யூல் என்று ஒன்று வந்ததே, நடத்தியது கூகுளை விட்டுப் போனவர்கள். 12 ஆயிரம் கோடி பக்கங்கள் எங்களிடம் என்று தம்பட்டம் அடித்தார்கள். முதல் நாளே சர்வர் படுத்தது, 2010-ல் மூடினார்கள். சரக்கு இல்லையென்றால் இல்லைதான்.

#6 டயலப்தாத்தா
சனி, இரவு 11:02

தம்பி நேர்வகிடு, அந்தக் காலத்தை நான் பார்த்தவன். ப்ரவுசிங் சென்டரில் மணிக்கு 40 ரூபாய் கொடுத்து அல்டாவிஸ்டாவில் தேடுவேன். முதல் பக்கம் முழுக்கக் குப்பை. ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்பதை வைத்து வரிசைப்படுத்தலாம் என்ற யோசனையோடு கூகுள் வந்தது. அந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும். அதை மறுக்கவில்லை.

ஆனால் நீங்கள் விட்டுவிட்ட பாதி ஒன்று இருக்கிறது. அன்றைக்குத் தேடலை யாரும் பெரிய தொழிலாக நினைக்கவில்லை. யாஹூ தன் தேடல் பெட்டிக்குப் பின்னால் 2000-ல் கூகுளைத்தான் உட்கார வைத்தது. 2002-ல் அமெரிக்க இணையக் கம்பெனி ஏ.ஓ.எல். உட்கார வைத்தது. கூகுள் வளர்ந்ததே பக்கத்து வீட்டுத் திண்ணையில். இன்றைக்குத் தெருவில் இருக்கிற அத்தனை திண்ணையும் ஒருவர் பெயரில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருக்கிறது. கூகுளையே முதலில் வைப்பதற்காக 2021-ல் மட்டும் ஆப்பிள், சாம்சங், மொசில்லா (பயர்பாக்ஸ் பிரவுசர் கம்பெனி), டெலிகாம் கம்பெனிகள் எல்லாருக்குமாகச் சேர்த்து கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. ரூபாய் இல்லை தம்பி, டாலர். அடுத்த வருஷம் ஆப்பிளுக்குப் போனது மட்டும் சுமார் 2,000 கோடி டாலர்.

ஒரு வேடிக்கை சொல்கிறேன். ஐஃபோனில் வரும் சஃபாரி பிரவுசர் வழியாகக் கூகுளுக்குக் கிடைக்கும் தேடல் வருமானத்தில் ஆப்பிளுக்கு 36 சதவீதம் போகிறது என்ற ரகசியம் வெளியே வந்தது கூகுள் தரப்புச் சாட்சியாக வந்த பொருளாதாரப் பேராசிரியர் வாயிலிருந்து. கூண்டில் நின்றபோது எண் நழுவி விழுந்துவிட்டது.

#7 நேர்வகிடு
சனி, இரவு 11:15

சரி தாத்தா, திண்ணை கிடைத்தால் போதும் என்றால் யாஹூ ஏன் பிழைக்கவில்லை? 2014-ல் பயர்பாக்ஸ் அமெரிக்காவில் கூகுளை இறக்கிவிட்டு யாஹூவை டிஃபால்ட் (நாம் எதையும் மாற்றாவிட்டால் தானாக வரும் தேடுபொறி) ஆக்கியது. ஐந்து வருஷ ஒப்பந்தம். ஜனங்கள் செட்டிங்ஸுக்குள் போய்க் கூகுளைத் திரும்பப் போட்டுக்கொண்டார்கள். 2017-லேயே மொசில்லா ஒப்பந்தத்தை முறித்துக் கூகுளிடம் வந்துவிட்டது.

#8 எறும்புவரிசை
சனி, இரவு 11:40

நல்ல உதாரணம்தான், ஆனால் பாதிக் கதை. பயர்பாக்ஸ் வைத்திருப்பவர் யார்? தானே தேடிப் போய் இறக்கிக்கொண்டவர். செட்டிங்ஸ் எங்கே என்று அவருக்குத் தெரியும். இப்போது எட்ஜ் பிரவுசரைப் பாருங்கள், விண்டோஸோடு வருவது. அதில் டிஃபால்ட் பிங். எட்ஜில் நடக்கும் தேடலில் சுமார் 80 சதவீதம் பிங்கில்தான் நடக்கிறது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. மற்ற இடங்களில் சீந்துவாரில்லாத பிங்தான். யாஹூ மாதிரித் தரம் நிஜமாகவே கெட்டால் டிஃபால்ட் காப்பாற்றாது. ஓரளவு சுமாராக இருந்தால் டிஃபால்ட்தான் எல்லாம்.

அமெரிக்காவில் நடக்கும் மொத்தத் தேடலில் பாதி இப்படிக் காசு கொடுத்துப் பிடித்த வாசல்கள் வழியாகப் போகிறது. இன்னொரு 20 சதவீதம் ஆட்கள் தாங்களே இறக்கிக்கொண்ட குரோமில். அதுவும் கூகுள் வீடுதானே. மிச்சத்தில் மற்றவர்கள் கடை போட வேண்டும்.

#9 மணலூர்க்காரி
ஞாயிறு, காலை 6:50

என் ஃபோனில் மாற்ற முடியும் என்பதே இந்த இழையைப் படித்துத்தான் தெரியும் 🙂

#10 கிரைண்டர்கடை
ஞாயிறு, காலை 10:44

எல்லாரும் தேடுகிறவர் பக்கமே பேசுகிறீர்கள். காசு கொடுக்கிற பக்கம் நான் இருக்கிறேன், அதைச் சொல்கிறேன்.

கோவையில் வெட் கிரைண்டர் கடை. மாதம் 18 ஆயிரம் ரூபாய் கூகுள் விளம்பரத்துக்குப் போகிறது. ஒரு பையன் பார்த்துக்கொள்கிறான். காலையில் வந்ததும் நேற்று எத்தனை க்ளிக், அதில் எத்தனை ஃபோன், ஒரு ஃபோனுக்கு என்ன செலவு என்று நோட்டில் எழுதி என் மேஜையில் வைப்பான். போன தீபாவளிக்கு முன்னால் இரண்டாவது இடத்தில் இருக்கும் தேடுபொறியிலும் விளம்பரம் போட்டுப் பார்க்கலாமே என்றேன். க்ளிக் விலை அங்கே பாதிகூட இல்லை. ஆசையாக இருந்தது. 3 ஆயிரம் ஒதுக்கினோம். மாதம் முடியும்போது 400 ரூபாய்கூடச் செலவாகவில்லை. 41 க்ளிக், ஒரே ஒரு ஃபோன். ஒரு பாட்டி, ஆட்டுக்கல் கொத்த ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டார்கள். முதல் போணியே இப்படி. பையன் சொன்னான், "அண்ணா, இதைப் பார்க்கிற நேரத்துக்கு நான் கூகுள்ல இன்னும் பத்து கீவேர்ட் சரிபண்ணிடுவேன்." நியாயம்தானே? நிறுத்திவிட்டோம்.

இப்போது இதை அந்தக் கம்பெனி பக்கத்திலிருந்து பாருங்கள். என்னை மாதிரி பத்தாயிரம் கடைக்காரன் வரவில்லை. ஒரு க்ளிக்குக்கு ஏலம் கேட்க இரண்டே பேர் இருக்கிறார்கள், விலை ஏறாது. கூகுளில் அதே க்ளிக்குக்கு எட்டுப் பேர் அடித்துக்கொள்கிறோம். ஆகவே ஒரே தேடலில் கூகுள் கல்லாவில் விழுவது அதிகம். அந்தக் காசில்தான் தாத்தா சொன்ன திண்ணை வாடகை.

#11 எறும்புவரிசை
ஞாயிறு, காலை 11:10

கிரைண்டர்கடை அண்ணன் சொன்னதை அப்படியே ஆப்பிளின் உயர் அதிகாரி எடி க்யூ அதே வழக்கில் சாட்சி சொல்லியிருக்கிறார். பிங்கை இலவசமாகக் கொடுத்தாலும் சரி, கம்பெனியையே கொடுத்தாலும் சரி, மைக்ரோசாஃப்ட் தரக்கூடிய விலை என்று உலகத்தில் ஒன்று இல்லை என்பது அவர் பேச்சு. திமிர் மாதிரி இருக்கும், ஆனால் கணக்கு அதுதான். பிங் தன் வருமானம் முழுவதையும் கொடுத்தாலும், கூகுள் தருகிற பங்கு அதைவிடப் பெரிதாக இருக்கும்.

எனக்கு எரிச்சல் தருவது வேறு. 2020-ல் கூகுள் உள்ளுக்குள் ஒரு சோதனை செய்தது: தேடல் தரத்தை வேண்டுமென்றே கணிசமாகக் குறைத்தால் வருமானம் எவ்வளவு போகும்? போகாது என்று விடை வந்தது. தரம்தான் காரணம் என்கிற நேர்வகிடு அண்ணனுக்கு இதைக் காணிக்கையாக்குகிறேன்.

#12 நேர்வகிடு
ஞாயிறு, காலை 11:26

வாங்கிக்கொண்டேன். ஆனால் தரத்தைக் குறைத்தார்களா? சோதனைதானே செய்தார்கள்.

#13 டயலப்தாத்தா
ஞாயிறு, மதியம் 2:30

காசு, தரவு இரண்டையும் பேசிவிட்டீர்கள். நீவா என்ற தேடுபொறியின் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நடத்தியவருக்கு இரண்டும் தெரியும்.

ஸ்ரீதர் ராமசாமி. சென்னை ஐ.ஐ.டி.யில் கம்ப்யூட்டர் படித்தவர். கூகுளின் விளம்பரத் தொழில் முழுவதையும் தலைமை தாங்கி நடத்தியவர். கிரைண்டர்கடை கொடுக்கும் 18 ஆயிரம் போய் விழுகிற அந்தக் கல்லாப்பெட்டிக்கே அவர்தான் பொறுப்பு. வெளியே வந்து 2019-ல் விவேக் ரகுநாதனோடு சேர்ந்து நீவா தொடங்கினார். விளம்பரமே கிடையாது, சந்தா கட்டித் தேடு. முதலில் பிங்கிலிருந்து முடிவுகளை வாங்கினார்கள், பிறகு சொந்தமாக இன்டெக்ஸ் (வலைப்பக்கங்களைப் படித்து அடுக்கிவைத்த பட்டியல்) கட்டினார்கள். ஆள் தெரிந்தவர், பணம் இருந்தது, பொருளும் நன்றாகவே இருந்தது. 2023 மே மாதம் கடையைச் சாத்துவதாக அறிவித்தார்கள்.

அந்த அறிவிப்பில் அவர்கள் சொன்னதன் சாரம்: காசு கொடு என்று கேட்டுச் சம்மதிக்க வைப்பதைவிட, "ஒரு தடவை இதில் தேடிப் பாருங்கள்" என்று சம்மதிக்க வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ஃபோனில் ஒவ்வொரு திரையாகப் போய் மாற்றுவதற்குள் ஆள் அலுத்துவிடுகிறான். அப்புறம் ஸ்னோஃப்ளேக் என்ற தரவுக் கம்பெனி அவர்களை வாங்கியது, 2024-ல் அதற்கே அவர் தலைவர் ஆனார். நடுவில் அந்த வழக்கில் வந்து தன் பழைய முதலாளிக்கு எதிராகச் சாட்சியும் சொன்னார். மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சையும் அதே வழக்கில் சாட்சி சொன்னார். வாஷிங்டன் கோர்ட்டில் இரண்டு பக்கமும் நம்ம ஊர் வாடை.

#14 மூங்கில்துறை
ஞாயிறு, மதியம் 2:41

எச்.பி. இன்னும் சொல்லவில்லை.

#15 சியோல்வாசி
ஞாயிறு, மாலை 4:18

தோற்கவே தோற்பார்கள் என்று பேசுகிறீர்கள். நான் இருக்கும் ஊரில் நிலைமை வேறு. கொரியாவில் ஆறு வருஷமாக இருக்கிறேன். வந்த புதிதில் கூகுளில் "பக்கத்தில் சாப்பாட்டுக் கடை" என்று தேடிப் பட்டினி கிடந்திருக்கிறேன். லேபில் இருந்த அண்ணன் ஃபோனைப் பிடுங்கி நேவர் என்ற கொரியத் தேடுபொறியைப் போட்டுக் கொடுத்தார். அதே தெருவில் 30 கடை. ஒவ்வொன்றுக்கும் யாரோ சாப்பிட்டு எழுதிய பிளாக், குழம்பின் நிறம் வரைக்கும் படம்.

எப்படி ஜெயித்தார்கள்? நேவர் 1999-ல் தொடங்கியபோது கொரிய மொழியில் வலைப்பக்கங்களே குறைவு, தேடினால் கிடைக்க ஒன்றும் இல்லை. 2002-ல் "அறிவு-இன்" என்று கேள்வி-பதில் பகுதி திறந்தார்கள். ஜனங்களே கேட்டார்கள், ஜனங்களே பதில் எழுதினார்கள். பிறகு பிளாக், கஃபே எல்லாம் அவர்கள் வளாகத்துக்குள்ளேயே. நாட்டின் பேச்சு முழுக்க நேவர் காம்பவுண்டுக்குள் இருக்க, கூகுள் வெளியே நின்று எட்டிப் பார்த்தது. துல்லியமான வரைபடத் தரவை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகக் கொரிய அரசு பல ஆண்டுகள் அனுமதிக்காததால் கூகுள் மேப் இங்கே நொண்டியடித்ததும் அவர்களுக்கு வசதி.

ரஷ்யாவில் யாண்டெக்ஸும் 1997-லேயே, கூகுளுக்கு முன்னாலேயே, கடை போட்டுவிட்டது. ரஷ்ய மொழியிலும் நம்முடையது மாதிரி வேற்றுமை உருபு ஒட்டிச் சொல் உருமாறும், அதை அவர்கள் முதலிலேயே கையாண்டார்கள். செக் நாட்டின் செஸ்னாம் 1996-ல் வந்தது, அதுவும் நன்றாக ஓடியது. எல்லாரும் ஸ்மார்ட்ஃபோனுக்கு மாறிய பிறகு கூகுள் அதைத் தாண்டிவிட்டது. முன்னாலேயே வந்து வேர் விட்டவர்கள் நின்றார்கள். பின்னால் வந்து ஜெயித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது.

#16 வாய்க்கால்கரை
ஞாயிறு, மாலை 5:05

இது புதுசு தம்பி, நன்றி. அப்படியானால் தமிழில் நாம் எழுதுவதெல்லாம் எங்கே இருக்கிறது? வாட்ஸாப் குழுவிலும் யூட்யூப் கமெண்டிலும். தேடுபொறி எவன் வந்தாலும் எட்ட முடியாத இடம். யூட்யூப் வேறு கூகுளுடையது. என் மோட்டார் வீடியோவை வைத்திருப்பதும் அவர்கள்தான், தேடித் தருவதும் அவர்கள்தான்.

(மூங்கில்துறை அண்ணா, ஒன்றரை எச்.பி.)

#17 மூங்கில்துறை
ஞாயிறு, மாலை 5:07

தெரியும். மாற்றுங்கள்.

#18 நூலகஎலி
ஞாயிறு, இரவு 8:33

ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு சின்ன ஊர் நூலகத்தின் தளத்தை நான் சும்மா பார்த்துக்கொள்கிறேன். பழைய சிற்றிதழ்களின் அட்டவணை, சுமார் 9 ஆயிரம் பக்கங்கள். ஒன்றரை வருஷம் முன்னால் தளம் அடிக்கடி படுத்தது. லாகை (யார் வந்து போனார்கள் என்ற பதிவு) திறந்து பார்த்தால் வந்தவர்களில் மனிதர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் இருந்தால் அதிகம். மிச்சமெல்லாம் பாட்கள் (தளங்களைத் தானாகப் படித்துப் போகும் மென்பொருள்கள்), அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு விடாமல் தட்டுகிற ரகம். எங்கள் ஹோஸ்டிங் மாதம் 500 ரூபாய்த் திட்டம். வேறு வழி தெரியாமல், எந்த பாட் வரலாம் என்று சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் கூகுள்பாட், பிங்பாட் இரண்டுக்கு மட்டும் அனுமதி, மற்றவை எல்லாம் வெளியே என்று எழுதினேன். சொன்ன பேச்சைக் கேட்காததுகளை சர்வரிலேயே தடுத்தேன். தளம் நிமிர்ந்துவிட்டது.

எறும்புவரிசையின் முதல் பதிவைப் படித்துவிட்டுத்தான் உறைத்தது. புதிதாக ஒரு தேடுபொறி யாராவது கட்டினால் அவர்களுக்கு எங்கள் 9 ஆயிரம் பக்கமும் இல்லை. கதவைச் சாத்தியது நான்.

#19 எறும்புவரிசை
ஞாயிறு, இரவு 9:02

அக்கா, நீங்கள் மட்டும் இல்லை. பெரிய பெரிய தளங்களே இப்படித்தான் எழுதி வைத்திருக்கின்றன. சொந்தமாக இன்டெக்ஸ் கட்டுகிறவர்கள் ஆங்கில உலகில் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கிறார்கள், அதற்கு இதுவும் ஒரு காரணம். டக்டக்கோ, யாஹூ இரண்டுமே பெரும்பாலான முடிவுகளைப் பிங்கிடமிருந்துதான் வாங்குகின்றன. மியூனிக்கில் க்ளிக்ஸ் என்று ஒரு கம்பெனி சொந்தமாகக் கட்டிப் பார்த்து 2020-ல் மூடியது. அந்தச் சரக்கை பிரேவ் என்ற பிரவுசர் கம்பெனி வாங்கித் தன் தேடுபொறிக்கு அடித்தளமாக்கியது. பிங் தன் தேடல் ஏ.பி.ஐ.யை (மற்றவர்கள் பிங் முடிவுகளை வாங்கிக்கொள்ளும் வாசல்) 2025 ஆகஸ்ட் 11-ல் மூடிவிட்டது, பெரிய ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள், அதை நம்பி இருந்த சின்னச் சின்னக் கடைகள் நடுத்தெருவில். இரவல் அடுப்பில் சமைத்தால் வீட்டுக்காரர் கேஸை மூடும்போது நாமும் பட்டினி.

#20 மணலூர்க்காரி
திங்கள், காலை 7:15

நேற்று மாற்றினேன்! ஃபோன் வாங்கும்போதே "எது வேண்டும்" என்று கேட்டால் எல்லாரும் மாற்றுவார்களே, ஏன் கேட்பதில்லை?

#21 எறும்புவரிசை
திங்கள், காலை 8:40

கேட்டுப் பார்த்தார்கள் சகோதரி. ஐரோப்பாவில் ஆண்ட்ராய்டு வழக்கில் 2018-ல் 434 கோடி யூரோ அபராதம் போட்ட பிறகு தேர்வுத் திரை வந்தது. முதலில் அந்தத் திரையில் இடம்பிடிக்கவே ஏலம் என்றார்கள், 2021-ல்தான் இலவசம் ஆனது. 2024 மார்ச்சில் புதுச் சட்டத்தோடு இன்னொரு திரை. இந்தியாவிலும் போட்டி ஆணையம் 2022-ல் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்ட பிறகு, புது ஃபோன்களில் திரை வரும் என்று 2023 ஜனவரியில் கூகுள் அறிவித்தது. ரஷ்யாவில் திரை யாண்டெக்ஸுக்கு நன்றாகவே உதவியது, ஏனென்றால் அங்கே அந்தப் பெயர் வீட்டுப் பெயர். ஐரோப்பாவில் பெரிதாக ஒன்றும் நகரவில்லை. ஐந்து பெயரைக் காட்டினால் தெரிந்த பெயரைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள்.

அமெரிக்கப் பொருளாதார ஆய்வாளர்கள் இதையே சோதித்து 2025-ல் வெளியிட்டார்கள். வெறுமனே "எது வேண்டும்" என்று கேட்டபோது பிங்கின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி அளவுக்குத்தான் கூடியது. இன்னொரு குழுவுக்குக் காசு கொடுத்து இரண்டு வாரம் பிங்கையே பயன்படுத்த வைத்தார்கள். காசு நின்ற பிறகும் அவர்களில் மூன்றில் ஒருவர் பிங்கிலேயே இருக்கிறேன் என்றார்.

#22 நேர்வகிடு
திங்கள், காலை 9:05

மூன்றில் ஒருவரா? இதை முதல் பதிவிலேயே போட்டிருக்கலாமே தம்பி, நான் இத்தனை எழுதியிருக்க மாட்டேன். சரி, பாதி ஒத்துக்கொள்கிறேன். மிச்ச இரண்டு பேர் திரும்பி வந்தார்கள் இல்லையா, அது என் பாதி.

இன்னொன்று. இந்தச் சண்டையே பழைய சண்டை. என் பையன் எதையும் தேடுவதில்லை, சாட்ஜிபிடியிடம் கேட்கிறான். சஃபாரியில் தேடல் எண்ணிக்கை முதல் தடவையாகக் குறைந்தது என்று 2025 மே மாதம் எடி க்யூ கோர்ட்டில் சொன்ன அன்று கூகுளின் பங்கு விலை 7 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. (கூகுள் அப்படியெல்லாம் இல்லை, மொத்தத் தேடல் கூடிக்கொண்டுதான் இருக்கிறது என்றது.) 2025 செப்டம்பரில் மேத்தா குரோமை விற்கச் சொல்லாமல் விட்ட தீர்ப்பிலும் இந்த ஏ.ஐ. வருகைக்குப் பெரிய இடம் இருக்கிறது.

#23 எறும்புவரிசை
திங்கள், காலை 9:30

விற்கச் சொல்லவில்லை, காசு கொடுப்பதையும் தடுக்கவில்லை. ஆனால் பிரத்யேக ஒப்பந்தம் கூடாது என்றார், தகுதியுள்ள போட்டியாளர்களுக்கு இன்டெக்ஸ், பயனர் தரவில் ஒரு பகுதியைக் கொடு என்றார். டிஃபால்ட் ஒப்பந்தம் ஒரு வருஷத்துக்கு மேல் போகக் கூடாது என்று பிறகு சேர்த்தார். அந்த நாலு விவசாயிகளின் விரல் ஞாபகம் இருக்கிறதா? அதைப் பங்கு போடச் சொல்கிறார். எனக்கு இந்த ஒரு அம்சத்தில்தான் நம்பிக்கை.

சாட்ஜிபிடிக்கும் கிணற்று மோட்டார் தெரிய வேண்டுமென்றால் யாராவது எங்காவது எழுதி வைத்திருக்க வேண்டும், அண்ணா. அதுவும் நூலகஎலி அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்டும்.

#24 நூலகஎலி
செவ்வாய், இரவு 10:12

ஞாயிறு இரவே கோப்பைத் திருத்தினேன். கேள்விப்பட்ட நாலு தேடுபொறிகளின் பாட்டுக்கு மட்டும் அனுமதி, பத்து விநாடிக்கு ஒரு பக்கம் என்று வேகக் கட்டுப்பாடு. இன்று மாலை லாக் பார்த்தேன். ஒன்று வந்திருக்கிறது. ரோபாட்ஸ் கோப்பைப் படித்திருக்கிறது, முகப்பைப் படித்திருக்கிறது, 1962-ம் வருஷத்து இதழ் ஒன்றின் பொருளடக்கத்தைப் படித்திருக்கிறது. போய்விட்டது.

#25 வாய்க்கால்கரை
புதன், காலை 6:05

மோட்டார் மறுபடி நின்றுவிட்டது. மூங்கில்துறை அண்ணா, எத்தனை மைக்ரோஃபாரட் போட வேண்டும்?